பாடிச் செல்பவர் யார்?

ஏலம் என்னும் சொல் திருவான்மியூரில் வாழ்கின்றவர்களுக்குப் புதிதன்று. குப்பத்துக் கரையில் படகு வந்து சேர்ந்ததும் கூடையைச் சுற்றி நின்று விலை கூறுகிறவர்களை நாள்தோறும் காண்கிறோம். செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, அதன் பிறகே விலை சொல்வார்கள். மீனுக்கு உள்ள இந்த வழக்கம் இப்போது மனிதர்க்கும் வந்திருக்கிறது. அதுவும் நம் சடுகுடு ஆட்டக்காரர்களுக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமென்று வந்திருக்கிறேன்.

2014ஆம் ஆண்டு எட்டு அணிகளோடு தொடங்கியது புரோ கபடி லீக் என்னும் போட்டி. 2017இல் அணிகளின் எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. அவ்வாண்டுதான் தமிழ்நாட்டின் பெயர் தாங்கி 'தமிழ் தலைவாஸ்' அணி வந்து சேர்ந்தது. இவ்வணிகள் தமக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கின்றன. ஓர் அணி இவ்வளவுக்குமேல் செலவிடலாகாது என்று வரம்பும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏலத்தில் அவ்வரம்பு 5 கோடி ரூபாய்.

அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களிலும் மும்பையில் நடந்த ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி இரண்டு பெரிய வீரர்களை வாங்கிற்று. ஒருவர் அர்ஜுன் தேஷ்வால்; விலை 1 கோடியே 40.5 லட்சம். மற்றவர் பவன் செராவத், விலை 59.5 லட்சம். கூட்டிப் பார்த்தால் சரியாக 2 கோடி. ஐந்தில் இரண்டு பங்கு இரண்டே பேருக்கு. இருவரும் எதிரியின் களத்துக்குள் பாடிச் செல்பவர்கள். இக்காலத்துப் பேச்சில் ரெய்டர்கள்.

மாலையில் கடற்கரைச் சாலைத் திண்ணையில் கூடும் எங்கள் சிறு கூட்டத்தில் ஒரு வாரம் இதே பேச்சுத்தான். கூட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் உண்டு. கணக்கில் கெட்டிக்காரர். "ஐயா, இதைவிட மலிவாக யாருக்கு இரண்டு சிங்கங்கள் கிடைக்கும்?" என்று அவர் தொடங்கினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அர்ஜுன் தேஷ்வால் 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் ஜெய்ப்பூர் அணிக்காகப் பாடிச் சென்று 296 புள்ளிகள் எடுத்தவர். அவ்வாண்டுக் கோப்பை ஜெய்ப்பூருக்கே. பவன் செராவத்தோ 2019இல் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளிகள் எடுத்துக் கண்டோரை வியக்க வைத்தவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவர். ஏற்கெனவே அணியில் நரேந்தர் என்னும் திறமை மிக்க இளைஞர் வேறு. மூன்று வாள்களும் ஒரே உறையில் என்று வங்கிக்காரர் மகிழ்ந்தார்.

"ஒரே உறையில் மூன்று வாள் எப்படி ஐயா இருக்கும்?" என்று கேட்டார் இளநீர்க் கடைக்காரர். அவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து வடுவூரைப் பற்றி அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கபடி ஆடத் தெரியாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி மிகச் சிறியது. "இவர் உள்ளே இருக்கும்போது பாடுவார். இவர் வெளியே உட்காரும்போது யார் பாடுவது?"

இந்தக் கேள்வியின் ஆழம் விளங்க வேண்டுமானால் ஆட்டத்தின் அமைப்பைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இளமையில் ஆற்று மணலிலும் கோயில் திடலிலும் ஆடிய நேயர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆயினும் இன்றைய விதிகள் சில புதியவை.

பக்கத்துக்கு ஏழு பேர். இருபது இருபது நிமிடமாக இரு பாதிகள். பாடிச் செல்பவருக்கு முப்பது நொடி நேரம். அதற்குள் அவர் எதிரியைத் தொட்டுத் திரும்ப வேண்டும்; அல்லது ஆறு பேரோ அதற்கு மேலோ எதிரில் நிற்கையில் போனஸ் கோட்டைக் கடந்து காலூன்றி ஒரு புள்ளி பெற வேண்டும்; அல்லது வெறுங்கையோடு திரும்பலாம். பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய கூட்டாளிகள் எதிரி ஒருவனைப் பிடித்தோ தொட்டோ வெளியேற்றினால்தான் அவர் மீண்டும் களத்துக்குள் வரலாம். போனஸ் புள்ளி எத்தனை எடுத்தாலும் அது யாரையும் உயிர்ப்பிக்காது. வெளியேறிய வரிசைப்படியே உள்ளே வருதலும் நிகழும். ஆகவே 1 கோடியே 40 லட்சம் பெறுகின்ற வீரரும், அணியிலேயே குறைந்த ஊதியம் பெறும் ஒரு பையன் எதிரியின் கணுக்காலைப் பிடித்து வீழ்த்தும் வரையில், ஓரத்து இருக்கையில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவரே. உலகத்தில் வேறெந்த ஆட்டத்திலும் இவ்வளவு வெளிப்படையான சமத்துவத்தை நான் கண்டதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் அணி தொடர்ந்து இருமுறை பாடிச் சென்று வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை செல்பவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அவர் வெளியே. எதிரிக்கு ஒரு புள்ளி. இதனை 'வாழ்வா சாவா' ரெய்டு என்கிறார்கள். அணிகள் பலவற்றில் இந்த மூன்றாம் முறைக்குப் பெரிய வீரரை அனுப்புவதில்லை. அவர் பிடிபட்டால் நட்டம் பெரிது என்று இரண்டாம் மூன்றாம் நிலை வீரரையே அனுப்புகிறார்கள். ஆகவே புகழுக்கு உரியவர் ஒருவர். மிக நெருக்கடியான நேரத்தில் பாடச் செல்பவர் பெரும்பாலும் வேறொருவர். இளநீர்க் கடைக்காரர் கேட்டது இந்த வேறொருவரைப் பற்றித்தான்.

கடந்த பருவங்களின் வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் கேள்விக்கு வலுவான சான்றுகள் கிடைக்கின்றன.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு ஏலத்தில் இதே தமிழ் தலைவாஸ் அணி இதே பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கிற்று. அன்றைய வரம்பு 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கும் மேல் ஒரே மனிதருக்குப் போயிற்று. அக்டோபர் 8ஆம் நாள் குஜராத் அணியோடு முதல் ஆட்டம். குஜராத்துக்குத் தலைவர் யாரென்றால் நம் தமிழ்நாட்டுப் பாடுவீரர் சந்திரன் ரஞ்சித். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் எதிரியைப் பிடிக்க முயன்ற பவன் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். தூக்கிச் சென்றார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் மீண்டும் ஆடவில்லை. ஆட்டம் 31-31 என்று சமமாயிற்று.

பணப்பெட்டி பாதி காலி. வாங்கிய பொருள் மருத்துவமனையில். இனி இவர்கள் எழ மாட்டார்கள் என்றே பலரும் எண்ணினர். தொடக்கத்தில் தடுமாறவும் செய்தார்கள். இடையில் பயிற்சியாளர் மாறினார். ஆசான் குமார் வந்தார். அப்போது பாடச் சென்றவர்தான் நரேந்தர். அரியானா இளைஞர், இந்தப் போட்டியில் அதுவே அவருக்கு முதற் பருவம். ஏலத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியவர் எவருமில்லை. அவர் அப்பருவத்தில் எடுத்த புள்ளிகள் 243. அணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக அடுத்த சுற்றுக்குச் சென்று அரையிறுதி வரை எட்டிற்று. அங்கே புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தரை நாம் அறிந்திருப்போமா? அறிந்திருக்க மாட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இளைஞர் அன்று ஓர் ஓரத்தில் தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

அடுத்த ஆண்டு, 2023இல், தெலுங்கு டைட்டன்ஸ் அணி பவனை 2 கோடியே 60.5 லட்சத்துக்கு எடுத்தது. அப்பருவத்தின் முடிவில் அவ்வணி பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. பவன் சோம்பியிருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பாடித்தான் வந்தார். பிடிப்பவர்கள் இல்லை. அதே ஏலத்தில் புனேரி பல்தான் அணி முகமது ரெசா ஷாட்லூயி என்னும் ஈரானியரை 2 கோடியே 35 லட்சத்துக்கு வாங்கிற்று. அவர் பிடிப்பதில் வல்லவர். கோப்பை புனேக்குப் போயிற்று. 2024இல் அரியானா அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு வாங்கிற்று. கோப்பை அரியானாவுக்குப் போயிற்று. நம் அணி அவ்வாண்டு சச்சின் தன்வர் என்னும் பாடுவீரருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. அடுத்த சுற்றைக்கூட எட்டவில்லை.

இதைக் கேட்டவுடன் நம் கடைக்காரர் பக்கமே வெற்றி என்று நேயர்கள் தீர்ப்பெழுதிவிட வேண்டாம். வங்கிக்காரரும் சும்மா இருக்கவில்லை. 2025இல் ஷாட்லூயியை 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்த குஜராத் அணிக்குக் கோப்பை கிட்டவில்லை. வென்றது டெல்லி. அவர்கள் ஆஷு மாலிக் என்னும் பாடுவீரரை 1 கோடியே 90 லட்சம் கொடுத்துத் தம்மிடமே நிறுத்திக்கொண்டவர்கள். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று அவர் மேசையில்லாத இடத்தில் மேசையைத் தட்டினார். டெல்லி அணியில் ஃபசல் அத்ராச்சலியும் சுர்ஜித் சிங்கும் பிடிப்பதற்கு நின்றார்கள் என்று நான் மெல்லச் சொன்னேன். ஈரானின் ஃபசல் இருக்கும் ஓரத்தில் காலை வைக்க எந்தப் பாடுவீரனும் ஒருமுறைக்கு இருமுறை நினைப்பான்.

நம் அணிக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தலைவராக அறிவிக்கப்பட்ட பவன் செப்டம்பர் மாதத்திலேயே அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அணி ஒரு காரணம் கூறியது. அவர் அதை மறுத்தார். அந்த வழக்கில் நாம் நீதிபதிகள் அல்லோம். நமக்கு வேண்டிய செய்தி இவ்வளவே: மூன்று வாள் என்ற கணக்கு ஒரு மாதத்துக்குள் மாறிவிட்டது. அர்ஜுன் தனியே சுமந்தார், நன்றாகவே சுமந்தார். அவர் உட்கார்ந்தபோதெல்லாம் அணியும் உட்கார்ந்தது.

இனி என் பங்குக்கு நான் சொல்ல விரும்புவது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள்: முதல் வரிசை மாணவனை வைத்து வகுப்பை அளக்காதே என்று. அவன் ஆசிரியர் இல்லாவிட்டாலும் படித்துவிடுவான். நடு வரிசையில் இருப்பவனை எழுப்பிக் கேள்வி கேள். அவன் என்ன சொல்கிறானோ அதுவே நீ நடத்திய பாடம். பெரும் விலை கொடுத்து ஒரு பாடுவீரரை வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஒருவர் வேண்டும். ஆனால் இரண்டாமவரையும் பெரும் விலைக்கு வாங்கினால், மூன்றாமவர் வளர்வதற்கு இடம் எங்கே? அந்த மூன்றாம் இடத்தை ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு, ஓர் ஆட்டத்துக்கு அன்று, பருவம் முழுவதற்கும் கொடுத்தால் என்ன என்பதே என் கேள்வி.

தமிழர் என்பதற்காகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நரேந்தர் சிரிப்பார். வடநாட்டுப் பிள்ளைகள் வந்து தமிழ் பெயர் போட்ட சட்டையை வியர்வையால் நனைத்திருக்கிறார்கள். 2017இல் முதற் பருவத்தில் இமாசலத்து அஜய் தாக்கூர் தனியாளாக 213 புள்ளிகள் எடுத்தும் அணி தன் பிரிவில் கடைசியாக நின்றதை நேரு உள்விளையாட்டு அரங்கில் கண்ணால் கண்டவன் நான். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். நான் சொல்வது ஆட்டக் கணக்கு. இங்கே விளையும் நெல்லை விட்டுவிட்டு ஏன் பிற சந்தையில் மட்டும் அரிசி வாங்க வேண்டும்?

விளைச்சல் இல்லை என்று யாரேனும் சொல்வார்களா? 1994இல் இரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் பாடிச் சென்றவர் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையைக் கையில் ஏந்தியவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். இன்னும் அண்மைக்கு வருவோம். 2019இல் தமிழ் தலைவாஸ் அணியில் வி. அஜித் குமார் என்னும் தமிழ்நாட்டு இளைஞர் ஆடினார். புதியவர், துடிப்பானவர். அவ்வாண்டு அணி கடைசி இடம் பெற்றது. அவர் பிறகு வேறு அணிகளுக்குப் போனார். அர்ஜுன் தேஷ்வால் 296 புள்ளி எடுத்த அந்த 2022ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் அணியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அர்ஜுன் வெளியே உட்கார்ந்தபோது பாடச் சென்றவர்களுள் ஒருவர் இந்த அஜித் குமார். நாம் 2025இல் அர்ஜுனை ஒன்றரைக் கோடிக்குச் சிறிது குறைவாகக் கொடுத்து வாங்கி வந்தோம். அவருக்குப் பக்கத்தில் நின்றவரை முன்பே நாம் கைவசம் வைத்திருந்தோம்!

இதைச் சொன்னபோது வங்கிக்காரர் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பையன் தேறுவானா மாட்டானா என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் ஐயா? தோற்றால் பணம் போட்டவனுக்கல்லவா நட்டம்?" என்றார் பிறகு. இது நேர்மையான கேள்வி. பணம் போடுகிறவன் இடர்ப்பாட்டுக்கு அஞ்சுகிறான், அஞ்சுவது இயல்பு. ஆனால் 2 கோடியே 26 லட்சமும் ஒரு முழங்காலில் போயிற்றே, அது இடர்ப்பாடு ஆகாதா? 2025ஆம் ஆண்டு ஏலத்தின் கடைசிப் பிரிவில் இருந்தவருக்குத் தொடக்க விலை 9 லட்சம். பவனுக்கு அன்று கொடுத்த விலையில் அத்தகையோர் இருபத்தைந்து பேரை எடுக்கலாம். அப்படி எடுங்கள் என்று சொல்லவில்லை. ஒருவரை எடுத்துப் பொறுமையோடு ஆட விடுங்கள் என்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் உண்டு. பெயர் வேண்டாம். கடலோரச் சிற்றூர்ப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பிலேயே இடக்காலை நீட்டி எதிரியின் விரல் நுனியைத் தொட்டுவிட்டுக் காற்றைப் போலத் திரும்புவான். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் அவனைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். மாநில அளவு வரை ஆடினான். ஓராண்டு ஏலப் பட்டியலின் கடைசிப் பிரிவில் அவன் பெயரும் ஏறிற்று. அன்றிரவு அவன் வீட்டில் கைபேசியைச் சுவரில் சாத்திவைத்துக் குடும்பமே உட்கார்ந்து பார்த்தார்களாம். பின்னொரு நாள் என்னைக் கண்டபோது சொன்னான்: "ஐயா, என்னை வாங்கவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. என் பெயரை வாசித்தபோது ஒரு மேசையிலும் ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை ஐயா. நான் ஆடியதை அவர்களில் எவரும் பார்த்ததே இல்லை." இப்போது அவன் ஒரு தனியார் கிடங்கில் வேலை பார்க்கிறான், காலையில் சிறு பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறான். நன்றாகச் சொல்லித் தருகிறான் என்று கேள்வி.

மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்க்கிறான் என்றேன் அல்லவா? இங்கே பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். குறை அங்கேதான் இருக்கிறது. வடுவூருக்கும் தஞ்சைக்கும் தூத்துக்குடிக்கும் யாரையேனும் அனுப்பி, ஊர்த் திருவிழா ஆட்டங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவரச் செய்வதற்கு எத்தனை லட்சம் ஆகிவிடும்?

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். எங்கள் திருவான்மியூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கே சிறிது தூரம் போனால் கண்ணகி நகர். நகரத்தின் பல இடங்களிலிருந்து குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். அந்த நகரின் பெயரைச் சொன்னால் வேலை கிடைப்பது அரிது என்று அங்கே வாழ்பவர்கள் வருந்திய காலம் உண்டு. அங்கிருந்து புறப்பட்ட கார்த்திகா என்னும் பெண், 2025 அக்டோபரில் பக்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி. அவரும் பாடிச் செல்பவரே. அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் வடுவூர்ப் பிள்ளை அபினேஷ் இருந்தார். அரசு இருவருக்கும் தலைக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. இளநீர்க் கடைக்காரர் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. "எங்க ஊர்ப் பையன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் இரண்டு இளநீர் குடித்தார்.

மகிழ்ச்சி அடங்கியபின் வங்கிக்காரரே அடுத்த பேச்சைத் தொடங்கினார். "சரி, அபினேஷ் வயது வந்து ஏலத்துக்கு வருவாரல்லவா? அவரை எவ்வளவுக்கு எடுக்கலாம்?" கடைக்காரர் ஒரு தொகை சொன்னார். இவர் பாதி சொன்னார். பேரம் இருட்டும் வரை நடந்தது. மருந்தீசுவரர் கோயில் மணி கேட்டபோதும் முடியவில்லை. நான் அவர்களிடம் ஒன்றே கேட்டேன்: எடுப்பது இருக்கட்டும், மூன்றாவது முறை யாரை அனுப்புவீர்கள்? அதற்கு இருவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஆனால் கடைக்காரர், முதல் ஆட்டத்தில் அவர் பிடிபட்டாலும் இரண்டாம் ஆட்டத்திலும் அவரையே அனுப்ப வேண்டும் என்றார். வங்கிக்காரர் அதற்கு இன்னும் இசையவில்லை.